பாடும் மீன் பெட்டி: விளக்கும் ஒலியும் உணரியும் சரிவர இயங்காதபோது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் மின்னணு வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதற் செயற்றிட்டமாக நான் கொடுப்பது, எமது வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை நினைவூட்டும் பாடும் மீன் பெட்டி. 1924 இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் உருவை ஒரு மரப்பெட்டிக்குள் வரைந்து, அதன் கீழே வாவி நீராக 60 வண்ண விளக்குகள் கொண்ட பட்டியைப் பதிக்கிறோம். ஆள் அருகில் வந்தால் உணரி அதை அறிந்து சொல்ல, நீர் நீலமும் பச்சையுமாக அசையத் தொடங்கும், மீன் பாடும். உள்ளே இருப்பவை, நாம் கணினியில் எழுதி ஏற்றும் நிரலின்படி மற்றவற்றை இயக்கும் ஆர்டுயினோ யூனோ என்ற பலகை, ஒரு டபிள்யூ.எஸ்.2812பி விளக்குப் பட்டி, டி.எப்.பிளேயர் மினி என்ற ஒலிப் பலகை, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று, ஆள் நடமாட்டத்தை உணரும் எச்.சி.-எஸ்.ஆர்.501 உணரி ஆகியவை மாத்திரமே.

பொருட்கள் குறைவென்றாலும், பழுதுகள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. கல்முனையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் என்னிடம் கேட்கப்படும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதனால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, என் விடைகளைக் கீழே தந்திருக்கிறேன். என்னிடம் வந்த பெட்டிகளில் மிகப் பலவற்றின் பழுது நிரலில் இருக்கவில்லை. மின் வழங்கலிலேயே இருந்தது. ஆகவே 3 முதல் 6 வரையான விடைகளை யாரும் தாண்டிச் செல்லாதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. வயரைக் குத்தினதும் ஆர்டுயினோவில லைட் எரியுது, ஆனா கொம்பியூற்றரில போர்ட் ஒண்டும் காட்டுதில்ல. பழுதாப் போச்சா?

பெரும்பாலும் பழுதாகியிருக்காது. விளக்கு எரிவது மின்சாரம் வந்து சேருகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்கென்று விற்கப்படும் மலிவான வயர்கள் சிலவற்றில் மின்சாரத்துக்குரிய இரு கம்பிகள் மாத்திரம் இருக்கும். தரவுக்குரிய இரு கம்பிகளும் இரா. அதே வயரால் தொலைபேசியைக் கணினியுடன் இணைத்து ஒரு படத்தைப் பிரதி செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வயரை மாற்றுங்கள்.

வயர் நல்லதாயின், பலகையில் யு.எஸ்.பி. துளைக்கு அருகிலுள்ள சிறு சில்லின் (சிப்) மேல் எழுதியிருப்பதை உருப்பெருக்கியால் வாசியுங்கள். விலை குறைந்த யூனோக்களில் பெரும்பாலும் சி.எச்.340 என்றிருக்கும். பழைய விண்டோஸ் கணினிகளில் அதற்குரிய டிரைவரைத் தனியாக நிறுவினால்தான் போர்ட் தோன்றும்.

2. போர்ட் காட்டுது, ஆனா நிரலை ஏத்தேக்க "நொட் இன் சிங்க்" எண்டு சிவப்பில வருது.

கணினி அழைக்கிறது, பலகை மறுமொழி சொல்லவில்லை என்பதே இதன் பொருள். முதலில் 0, 1 ஆகிய இரு முனைகளிலும் எதுவும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினியுடன் பேசுவதற்கும் அதே முனைகள்தான் பயன்படுகின்றன; ஒலிப் பலகையை அங்கே பூட்டியிருந்தால், நிரலை ஏற்றி முடியும்வரை அதைக் கழற்றி வைக்க வேண்டும். அடுத்து, மெனுவில் சரியான பலகை தெரிவுசெய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். யூனோவுக்குப் பதிலாக அதைவிடச் சிறிய நானோ பலகையைப் பயன்படுத்துவோர், செயலிப் பட்டியலில் "ஓல்ட் பூட்லோடர்" என்பதையும் ஒருமுறை தெரிவுசெய்து முயல வேண்டும்.

3. சேர், வீட்டில போன் சார்ஜர் ஒண்டு கிடக்கு. அது காணாதா? எத்தின அம்பியர் வேணும்?

இதற்குக் கணக்குப் போட்டே விடை சொல்ல வேண்டும். டபிள்யூ.எஸ்.2812பி விளக்கு ஒவ்வொன்றினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகாலும் இருவாயிகள் (எல்.ஈ.டி.) உள்ளன. முழு வெளிச்சத்தில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மில்லியம்பியர் எடுப்பதனால், ஒரு விளக்கு முழு வெள்ளையாக எரிய 60 மில்லியம்பியர் வேண்டும். 60 விளக்குகளுக்கு 3.6 அம்பியர். நீலம் மாத்திரம் எரிந்தால் 1.2 அம்பியர் போதும். நிரலில் வெளிச்ச அளவை 255 இல் 80 என்று மட்டுப்படுத்தினால், முழு வெள்ளைக்கும் 1.1 அம்பியர் அளவிலேயே தேவைப்படும். ஒலிப் பலகை உரத்துப் பாடும் கணங்களில் சில நூறு மில்லியம்பியர் எடுக்கும். ஆர்டுயினோவுக்கு ஏறத்தாழ 50 மில்லியம்பியர். உணரி எடுப்பதைக் கணக்கில் சேர்க்கவே தேவையில்லை.

ஆகவே 5 வோல்ற் 2 அம்பியர் என்று உண்மையாகவே தரக்கூடிய சார்ஜரும், வெளிச்சக் கட்டுப்பாடும் இருந்தால் காணும். கட்டுப்பாடு இன்றி ஓட்ட விரும்பினால் 5 வோல்ற் 5 அம்பியர் வழங்கியொன்றை வாங்குங்கள். மேலே எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்பாமல், விளக்குகள் எல்லாம் எரியும்போது பட்டியின் இரு முனைகளிலும் பல்மானியை (மல்ரிமீற்றர்) வைத்து அளந்து பாருங்கள். தொடக்க முனையில் 4.7 வோல்ற்றுக்குக் குறைந்தால் அந்தச் சார்ஜரையோ வயரையோ நான் ஏற்பதில்லை.

இங்கே பலர் செய்யும் பெரிய பிழை, பட்டிக்கான மின்சாரத்தை ஆர்டுயினோவின் 5 வோல்ற் முனையிலிருந்து எடுப்பது. யு.எஸ்.பி. வழியாக வரும்போது பலகையிலுள்ள உருகி (பியூஸ்) 500 மில்லியம்பியருக்கு அமைந்தது. வட்டத் துளை வழியாக 12 வோல்ற் கொடுத்தாலோ, பலகையிலுள்ள சிறு சீராக்கி (ரெகுலேற்றர்) மீதி 7 வோல்ற்றையும் வெப்பமாக வெளியேற்ற வேண்டும். 300 மில்லியம்பியர் எடுத்தாலே அது 2.1 வாற் வெப்பம். விரல் வைக்க முடியாத அளவுக்கு அது சூடாகி, பின்னர் தானே நின்றுவிடும். பட்டியின் மின்சாரம் வழங்கியிலிருந்து நேரே தடித்த வயரில் பட்டிக்குச் செல்லட்டும்.

4. பட்டிக்கு ஒரு சப்ளை, ஆர்டுயினோவுக்கு யு.எஸ்.பி. ரெண்டும் வேற வேறதானே, கிரவுண்டை ஏன் சேர்க்கணும்?

வோல்ற்றளவு என்பது இரு புள்ளிகளுக்கிடையிலான வேறுபாடு. ஆர்டுயினோ "5 வோல்ற்" என்று அனுப்பும்போது, அதன் கிரவுண்டிலிருந்து, அதாவது 0 வோல்ற் முனையிலிருந்து, 5 வோல்ற் என்பதே பொருள். பட்டியின் கிரவுண்ட் அதனோடு சேராதிருந்தால், வந்தது 5 ஆ 0 ஆ என்று பட்டிக்கு அறிய வழியில்லை. சேர்க்காமலே சில வேளை இயங்குவதுண்டு; கையை அருகில் கொண்டுசென்றால் நிறம் மாறுவதும் உண்டு. அவ்வாறு கண்டால் வேறெதையும் தேடாமல் கிரவுண்டைப் பாருங்கள். ஈயம் வைக்காமல் வயர்களைக் குத்தி இணைக்கும் பிரெட்போர்ட்களில், நீளமானவற்றில் ஓரக்கோடு நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும் வகையொன்றும் உண்டு. கோட்டின் இரு பாதிகளையும் சிறு கம்பியால் இணைக்காவிட்டால் கிரவுண்ட் சேர்ந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், சேர்ந்திருக்காது.

5. எல்லாத்தையும் பூட்டிட்டன், ஒண்டும் வேலை செய்யுதில்ல. எங்க இருந்து தொடங்குற?

எல்லாவற்றையும் கழற்றுங்கள். மனம் வராது என்பது தெரியும். ஆயினும் ஐந்து பொருட்கள் ஒன்றாக இருக்கும்போது தேடும் ஒரு மணி நேரத்தைவிட, ஒவ்வொன்றாகப் பூட்டும் பத்து நிமிடம் பயனுள்ளது. ஆர்டுயினோவில் 13 ஆம் முனை விளக்கை மினுக்கும் நிரல் இயங்குகிறதா? பின்னர் உணரியை மாத்திரம் பூட்டி, அதன் வெளியீட்டைக் கணினித் திரையில் எழுதச் செய்யுங்கள். பின்னர் பட்டியை மாத்திரம், அதுவும் முதல் ஐந்து விளக்குகளை மங்கலாக எரியச் செய்யுங்கள். ஒலிப் பலகையை ஆர்டுயினோ இல்லாமலே சோதிக்கலாம். அந்த முறை 10 ஆம் விடையில் உள்ளது.

ஒவ்வொரு படியிலும் 5 வோல்ற் கோட்டைப் பல்மானியால் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பொருளைச் சேர்த்தபோது அந்த எண் விழுந்தது என்பதை அந்தத் தாள் காட்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்துவிட்டு, எது பழுதைத் தீர்த்தது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு, அடுத்த பெட்டியிலும் அதே பழுது வரும்போது தொடங்குவதற்கு இடமிருக்காது.

6. லைட் முழுக்க வெள்ளையா வந்த உடன எல்லாம் நிண்டு, மறுகா முதல்ல இருந்து தொடங்குது.

விளக்குகள் ஒரே கணத்தில் கூடிய ஓட்டத்தை இழுப்பதனால் 5 வோல்ற் கோடு தாழ்ந்து, ஆர்டுயினோ மீளத் தொடங்குகிறது. இதை உறுதிப்படுத்த, நிரலின் தொடக்கப் பகுதியில் "தொடங்கினேன்" என்று திரையில் எழுதும் வரியொன்றைச் சேருங்கள். பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போது அந்த வரி மீண்டும் தோன்றினால் காரணம் வெளிப்படை.

இதைவிடக் கடினமானது, மீளத் தொடங்காமலே தவறாக நடந்துகொள்ளும் நிலை. யூனோவிலுள்ள ஏ.டி.மெகா328பி 16 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் பிழையின்றி இயங்குவதற்கு ஏறத்தாழ 3.8 வோல்ற் வேண்டும். ஆனால் வோல்ற்றளவு குறைந்ததாகக் கருதி அது தன்னை நிறுத்திக்கொள்ளும் எல்லை யூனோவில் 2.7 வோல்ற்றில் வைக்கப்பட்டுள்ளது. இந்த இரண்டுக்கும் இடையில் விழும் கணங்களில் அது நிற்பதும் இல்லை, சரியாக நடப்பதற்கு உத்தரவாதமும் இல்லை. நிரலை நூறு முறை வாசித்தும் காரணம் காணமுடியாத விசித்திரமான நடத்தைகள் சில இங்கிருந்தே வருகின்றன.

தீர்வுகளை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: வெளிச்சத்தைக் குறையுங்கள், மெல்லிய ஜம்பர் வயர்களை அகற்றித் தடித்தவற்றைப் போடுங்கள், பட்டியின் தொடக்கத்தில் 5 வோல்ற்றுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 1000 மைக்ரோபரட் கொள்ளளவியொன்றை, கடையில் கப்பாசிற்றர் என்று கேட்டு வாங்கி, முனை மாறாமல் இணையுங்கள். அது 6.3 வோல்ற் அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். வயரின் பங்கைக் குறைவாக எண்ண வேண்டாம். போய்வரும் வழியில் 0.2 ஓம் தடை இருந்தால், 2 அம்பியர் செல்லும்போது 0.4 வோல்ற் அங்கேயே தொலைந்துவிடும்.

7. கடைசிப் பக்கத்து லைட் எல்லாம் மஞ்சளாத் தெரியுது. பட்டி பழுதா?

இல்லை. பட்டியின் செப்புக் கோடுகளிலேயே வோல்ற்றளவு சிறிது சிறிதாகக் குறைந்து செல்கிறது. சிவப்பு எரிய ஏறத்தாழ 2 வோல்ற் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ற் அளவில் வேண்டும். ஆகவே கடைசியில் முதலில் தளர்வது நீலம். வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் மஞ்சள். வழங்கியிலிருந்து இன்னொரு சோடி வயரைப் பட்டியின் கடைசி முனைக்கும் கொண்டுசென்று இணைத்தால் தீரும்.

8. முதலாவது லைட் மட்டும் பச்சையா எரியுது, மத்ததெல்லாம் செத்துப் போய்க் கிடக்கு.

பட்டியில் அம்புக்குறி அச்சிடப்பட்டிருக்கும். தரவு அந்தத் திசையில்தான் செல்லும். கடைசி முனையில் தரவு வயரை இணைத்துவிட்டு நாள்முழுவதும் தேடியவர்கள் உண்டு. திசை சரியாயின், நிரலில் எழுதிய முனை எண்ணும் வயர் செல்லும் முனையும் ஒன்றா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் முதலாவது விளக்கு மட்டும் கெட்டுப்போவது உண்மையில் அடிக்கடி நடப்பதே. ஒவ்வொரு விளக்கும் தரவைப் பெற்று, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு அனுப்புவதனால், முதலாவது இறந்தால் முழுப் பட்டியும் இறந்ததுபோல் தோன்றும். அதைக் குறியிட்ட இடத்தில் வெட்டி நீக்கி, இரண்டாவதில் தரவைக் கொடுத்தால் மற்ற 59 உம் எரியும். இனிமேல் நடவாதிருக்க, தரவு வயரில் 330 ஓம் தடையியொன்றை இடுங்கள். கிரவுண்டை முதலில் இணைத்து, தரவைக் கடைசியில் இணையுங்கள்.

சிவப்புக் கேட்டால் பச்சை வருகிறது என்போர், நிரலில் நிற ஒழுங்கைப் பச்சை, சிவப்பு, நீலம் என்று மாற்றினால் போதும். இந்த வகைப் பட்டி அந்த ஒழுங்கிலேயே பெறுகிறது.

9. யூனோவுக்குப் பதிலா ஈ.எஸ்.பி.32 போட்டன். லைட் கண்டபாட்டுக்கு மினுங்குது.

வை-பை உள்ள ஈ.எஸ்.பி.32 பலகை அனுப்பும் உயர் நிலை 3.3 வோல்ற். பட்டி ஏற்கும் உயர் நிலையோ, அதற்குக் கொடுக்கப்படும் வோல்ற்றளவின் 0.7 மடங்கு, 5 வோல்ற் கொடுத்தால் 3.5. இடைவெளி சிறிதென்பதனால் சில நாட்களில் இயங்கும், சில நாட்களில் இயங்காது. அதுவே ஆளைக் குழப்புகிறது. 3.3 வோல்ற் சமிக்ஞையை 5 வோல்ற்றாக உயர்த்தும் 74ஏ.எச்.சி.ரி.125 என்ற சில்லை இடையில் வைப்பது முறையான வழி. அது கிடைக்காவிட்டால், பட்டியின் முதலாவது விளக்கை மட்டும் தனியே வெட்டி, அதன் 5 வோல்ற் வயரில் சாதாரண இருவாயி (டயோட்) ஒன்றைத் தொடராக இடுங்கள். அந்த விளக்குக்கு 4.3 வோல்ற் அளவில் செல்லும், அதன் 0.7 மடங்கு 3.01. இப்போது 3.3 போதும். அந்த விளக்கு அனுப்பும் தரவு 4.3 வோல்ற்றில் இருப்பதனால், முழு 5 வோல்ற்றில் உள்ள மற்ற விளக்குகள் அதைத் தயக்கமின்றி ஏற்கும்.

10. எம்.பி.3 பலகை ஒரு சத்தமும் போடுதில்ல.

முதலில் அட்டை. 32 ஜிகாபைற்றுக்கு மேற்படாத மைக்ரோ எஸ்.டி. அட்டையை எப்.ஏ.ரி.32 முறையில் போர்மற் செய்து, "எம்.பி.3" என்று ஆங்கில எழுத்துக்களில் புள்ளியின்றிப் பெயரிட்ட கோப்புறையொன்றை ஆக்கி, அதற்குள் கோப்புகளை 0001, 0002 என நான்கு இலக்கங்களில் பெயரிட்டு இடுங்கள்.

அடுத்து, ஆர்டுயினோவைக் கழற்றிவிட்டு, பலகைக்கு 5 வோல்ற்றும் கிரவுண்டும் மட்டும் கொடுத்து, ஸ்பீக்கரின் இரு வயர்களையும் எஸ்.பி.கே.1, எஸ்.பி.கே.2 ஆகிய முனைகளில் இணையுங்கள். சில செக்கன்கள் பொறுத்து, ஐ.ஓ.2 முனையை ஒரு கணம் கிரவுண்டில் தொட்டால் அடுத்த கோப்பு பாட வேண்டும். பாடினால் பலகையும் அட்டையும் ஸ்பீக்கரும் நல்லவை. பழுது ஆர்டுயினோவுக்கும் பலகைக்கும் இடையிலுள்ளது. அனுப்பும் முனை பெறும் முனைக்கும், பெறும் முனை அனுப்பும் முனைக்கும் செல்ல வேண்டும் என்பதைப் பாருங்கள். வேகம் 9600 ஆக இருக்க வேண்டும். மின்சாரம் வந்தவுடன் அட்டையை வாசிக்கப் பலகைக்குச் சிறிது நேரம் தேவை என்பதனால், நிரலின் தொடக்கத்தில் 3 செக்கன் காத்திருந்து முதற் கட்டளையை அனுப்புங்கள். ஒலி அளவு 0 முதல் 30 வரை. 0 என்று எழுதிவிட்டு மௌனத்துக்குக் காரணம் தேடியவரையும் கண்டிருக்கிறேன்.

11. ஒண்டாவதக் கேட்டா மூண்டாவது பாடுது.

கோப்புகளை 10 இல் சொன்ன கோப்புறைக்குள் இடாமல் வெளியே இட்டிருக்கிறீர்கள். வெளியே இருந்தால், பெயரைப் பாராமல், அட்டையில் பிரதி செய்யப்பட்ட ஒழுங்கிலேயே பலகை எண்ணும்.

12. பாடேக்க பின்னால ஒரு கிர்ர் சத்தம் கேட்குது. லைட் மாறுறதுக்கு ஏத்த மாதிரி அதுவும் மாறுது.

இரைச்சல் விளக்கோடு சேர்ந்து மாறுவதாக நீங்கள் கவனித்ததே விடையின் பாதி. விளக்குகளின் ஓட்டம் ஒலிப் பலகையின் கிரவுண்ட் வயரினூடாகவும் செல்கிறது. பட்டிக்கும் ஒலிப் பலகைக்கும் ஆர்டுயினோவுக்கும் வழங்கியிலிருந்து தனித்தனிச் சோடி வயர்களைக் கொண்டுசெல்லுங்கள்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடராக எடுக்க வேண்டாம். ஒலிப் பலகையின் மின் முனைகளுக்கருகில் 470 மைக்ரோபரட் கொள்ளளவியும், அதன் பெறும் முனைக்குச் செல்லும் வயரில் 1000 ஓம் தடையியும் இடுங்கள், அம்முனை 3.3 வோல்ற்றுக்கு அமைந்தது, 5 வோல்ற் நேரே வருவதே இரைச்சலுக்கு ஒரு காரணம். ஸ்பீக்கரின் எந்த வயரையும் கிரவுண்டில் இணைக்கக் கூடாது. இந்தப் பெருக்கியின் இரு முனைகளும் ஒலியைத் தாங்குபவை.

13. ஆள் ஒருத்தரும் இல்லாம மீன் தன்ட பாட்டுக்குப் பாடுது சேர், என்ன செய்யிற?

மின்சாரம் கொடுத்து முதல் ஒரு நிமிடத்துக்குள் பாடினால் அதைப் பழுதாக எடுக்காதீர்கள். உணரி சுற்றுச்சூழலின் வெப்பத்துக்குப் பழகும் நேரம் அது. அந்த நேரத்தில் வருவனவற்றை நிரல் புறக்கணிக்கட்டும்.

அதன் பிறகும் பாடினால், உணரி எதைப் பார்க்கிறது என்று யோசியுங்கள். அது ஆளைப் பார்ப்பதில்லை. தன் முன்னே வெப்பக் கதிர்வீச்சு மாறுவதைப் பார்க்கிறது. யன்னல் வழியே விழும் வெயில், மின்விசிறியில் அசையும் திரைச்சீலை, சூடான காற்று யாவும் அதற்கு ஆள்தான். எமது பக்கத்தில் கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில், யன்னலைத் திறந்துவைத்த வகுப்பறையில் இதைத் தெளிவாகக் காணலாம். உணரியைக் காற்றுவழிக்குப் பக்கவாட்டாகத் திருப்பி, முகத்தைச் சுற்றி நான்கு சென்றிமீற்றர் நீளமான கறுப்பு அட்டைக் குழாயொன்றை வையுங்கள். உணர்திறன் திருகியை இடப்புறம் குறையுங்கள். ஈ.எஸ்.பி.32 பயன்படுத்துவோர் அதன் அன்ரெனாவிலிருந்து உணரியைத் தள்ளி வைக்க வேண்டும். வை-பை அலை உணரியைத் தூண்டக்கூடியது.

மூன்றாவது காரணம் மறைவானது, ஆனால் இந்தப் பெட்டிக்கே உரியது. பாட்டு முடிந்து விளக்குகள் அணையும் கணத்தில், தாழ்ந்திருந்த 5 வோல்ற் கோடு திடீரென உயர்கிறது. உணரியினுள் மிகச் சிறிய சமிக்ஞையைப் பெரிதாக்கும் சுற்று இருப்பதனால், அந்த அசைவையே ஆள் என்று அது எடுத்துக்கொள்கிறது, மீன் மீண்டும் பாடுகிறது, விளக்குகள் மீண்டும் அணைகின்றன, விடியும்வரை நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் பாட்டு முடிந்து இரண்டு மூன்று செக்கன்களில் அடுத்தது தொடங்கினால் இதுவே காரணம். பட்டியைக் கழற்றிவிட்டு ஒலியை மட்டும் ஓட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் ஐயமில்லை. 6 இல் சொன்னவற்றைச் செய்வதோடு, விளக்குகளைச் சட்டென்று அணைக்காமல் ஒரு செக்கன் எடுத்து மங்கச் செய்து, அதன்பின் 5 செக்கன் வரை உணரியைக் கேளாதிருக்குமாறு நிரலை எழுதுங்கள்.

14. அதுக்கு எதிர்மாறா, எங்கட பெட்டி மத்தியானத்தில ஆள் நேர நிண்டாலும் பாடுதில்ல.

13 இல் சொன்னதை எண்ணிப் பாருங்கள். வெளி வெப்பநிலை 34 பாகையாக இருக்கும்போது, தோலின் வெப்பத்துக்கும் பின்னாலுள்ள சுவரின் வெப்பத்துக்கும் வேறுபாடு மிகச் சிறிது. காலையில் ஐந்து மீற்றரில் அறிந்த உணரி மதியத்தில் இரண்டு மீற்றரில்தான் அறியும். மேலும், அசையாமல் நிற்பவரையும் நேரே நடந்து வருபவரையும் அது எளிதில் காணாது. குறுக்கே கடப்பவரையே நன்கு காணும். பெட்டியைப் பாதையின் முடிவில் வைக்காமல் பாதையின் பக்கத்தில் வையுங்கள்.

கண்காட்சிக்கென்று பெட்டியின் முன்புறம் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். எமது கண்ணுக்குத் தெளிவான கண்ணாடி, உடலிலிருந்து வரும் வெப்பக் கதிருக்குச் சுவர் போன்றது. உணரியின் வெண்ணிறக் குமிழ் கண்ணாடிக்கு வெளியே நீட்டி நிற்க வேண்டும்.

15. அப்ப அல்ட்ராசொனிக் போட்டா வெப்பம் ஒரு பிரச்சினையில்லைதானே?

ஆம், எச்.சி.-எஸ்.ஆர்.04 இந்த வேலைக்கு நல்ல மாற்று. 40 கிலோஹேர்ட்ஸ் ஒலியை அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை மைக்ரோசெக்கனில் அளந்து 58 ஆல் வகுத்தால் தூரம் சென்றிமீற்றரில் கிடைக்கும். ஒலியின் வேகம் 20 பாகையில் செக்கனுக்கு 343 மீற்றர், எமது மதிய வெப்பத்தில் 351 அளவில். ஒரு மீற்றரில் இரண்டு சென்றிமீற்றர் வித்தியாசம் வரும். ஆள் நிற்கிறாரா என்றறிய அது பொருட்டன்று.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மென்மையான துணியும் சாய்ந்த பரப்பும் ஒலியைத் திருப்பி அனுப்பா. ஆகவே ஒரு வாசிப்பை நம்பாமல் மூன்றின் நடுப்பெறுமானத்தை எடுங்கள். மற்றது, எதிரொலி வராதபோது யூனோவின் அளக்கும் கட்டளை ஒரு செக்கன் வரை காத்துக்கொண்டே இருக்கும். அந்நேரம் வாவி நீர் உறைந்து நிற்கும். அதற்கு 20000 மைக்ரோசெக்கன் என்று எல்லை கொடுங்கள்.

16. தனித்தனியாப் பார்த்தா எல்லாம் நல்லா வேலை செய்யுது. சேர்த்தா ஒண்டும் சரியில்ல. பாட்டுக் கட்டளை சில நேரம் போகுது, சில நேரம் போகுதில்ல.

மின் வழங்கல் சரியென்று 5, 6 ஆகியவற்றின்படி உறுதிசெய்த பின்னரே இங்கே வாருங்கள். முதலாவது காரணம் "டிலே" கட்டளை. அதை எழுதிய இடத்தில் ஆர்டுயினோ வேறெதையும் செய்யாது நிற்கும். நீர் அசைவுக்கு 2 செக்கன் டிலே இட்டால், அந்த 2 செக்கனில் வந்து போனவரை உணரி சொன்னாலும் கேட்பாரில்லை. "மில்லிஸ்" தரும் நேரத்தைப் பார்த்து, உரிய நேரம் வந்தால் ஒரு சிறு வேலையைச் செய்துவிட்டு உடனே திரும்பும் முறையில் நிரலை மாற்றி எழுத வேண்டும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. பட்டிக்குத் தரவு அனுப்பும்போது மைக்ரோசெக்கன் அளவில் நேரம் பிசகாதிருக்க வேண்டியிருப்பதால், விளக்கு நூலகம் (விளக்குகளை இயக்க ஆயத்தமாக எழுதப்பட்ட நிரற்தொகுதி) அந்நேரம் யூனோவின் இடையீடுகள் அனைத்தையும், அதாவது ஓடும் வேலையை இடைநிறுத்தி அவசர வேலையைக் கவனிக்கச் செய்யும் அழைப்புகளை, நிறுத்திவைக்கிறது. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோசெக்கன். 60 விளக்குகளுக்கு 1.8 மில்லிசெக்கன். மென்பொருள் வழியே அமைத்த தொடர் இணைப்பில் ஒலிப் பலகை மறுமொழி சொல்லும்போது, 9600 வேகத்தில் ஓர் எழுத்து ஏறத்தாழ 1 மில்லிசெக்கனில் வந்து போய்விடும். விளக்குகளை ஓயாது புதுப்பித்துக்கொண்டிருந்தால் அந்த எழுத்துகள் தொலைகின்றன. கட்டளை சென்றிருந்தாலும் "மறுமொழி இல்லை" என்று நூலகம் கருதிக் காத்து நிற்கிறது.

நான் பரிந்துரைப்பது இது: ஒலி நூலகத்தில் மறுமொழி எதிர்பார்ப்பை நிறுத்துங்கள்; பாட்டு ஓடுகிறதா என்பதை ஒலிப் பலகையின் "பிஸி" முனையிலிருந்து அறியுங்கள். பாடும்போது அது தாழ்நிலையில் இருக்கும். விளக்குகளைச் செக்கனுக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்க வேண்டாம். கண்ணுக்கு அது போதும். பட்டி நீளமானால் மில்லிஸ் கணக்கும் சிறிது பின்தங்கும், ஏனெனில் அதை முன்னேற்றும் இடையீடு 1.024 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வர வேண்டியது.

17. ரெண்டு மூண்டு நாள் நல்லா ஓடிட்டு நிண்டுடுது. ரீசெற் அடிச்சா மறுகா ஓடுது.

யூனோவின் செயல் நினைவகம் 2048 பைற்றுகள் மாத்திரம். 60 விளக்குகளுக்கு 180 பைற்று சென்றுவிடும். திரையில் எழுதும் வாசகங்களும் அங்கேயே இடம்பிடிக்கும். "ஸ்ட்ரிங்" வகை மாறிகளைத் திரும்பத் திரும்ப ஒட்டி வளர்க்கும் நிரல்களில் நினைவகம் துண்டு துண்டாகி ஒரு நாள் இடமின்றிப் போகும். அவற்றை நீக்குங்கள்.

ரீசெற் அழுத்தாமல் பெட்டியை மெல்லத் தட்டினாலே மீண்டும் ஓடுகிறதென்றால், பழுது நினைவகத்தில் இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஊர்களில் உப்புக் காற்று ஜம்பர் வயர்களின் நுனிகளையும் பிரெட்போர்ட் துளைகளையும் சில மாதங்களில் மங்கச் செய்துவிடும். நிலையாக வைக்க வேண்டிய பெட்டியில் எல்லா இணைப்புகளையும் ஈயம் வைத்து ஒட்டுங்கள்.

18. ராவில கோயில் திருவிழாவில வெளியில வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் 230 வோல்ற் பெட்டிக்கு அருகில் வரக் கூடாது. வழங்கியை உலர்ந்த, பிள்ளைகளின் கைக்கெட்டாத கூரையுள்ள இடத்தில், ட்ரிப் சுவிற்ச் உள்ள இணைப்பிலிருந்து எடுத்து, 5 வோல்ற் வயரை மட்டும் பெட்டிக்குக் கொண்டுசெல்லுங்கள். தூரம் கூடினால் 6 இல் சொன்ன வோல்ற்றளவு இழப்பும் கூடும் என்பதனால், தொலைவுக்கு 12 வோல்ற் கொண்டுசென்று, பெட்டிக்குள் அதை 5 ஆகக் குறைக்கும் பக் பலகையொன்றை வைப்பது நல்லது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் தயவுசெய்து வெளியே வைக்காதீர்கள். நீர் புகாதிருக்கப் பூசும் சிலிக்கன் பசை உணரியின் குமிழில் படாதிருக்கட்டும்.

19. உண்மையான மீன் பாட்டையே பதிஞ்சு போட ஏலாதா சேர்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. தோணியில் சென்று துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது எமது மக்கள் அறிந்த முறை. அதையே மின்னணுவில் செய்யலாம். அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் 27 மில்லிமீற்றர் பியசோ தட்டொன்றுக்குக் கவசமுள்ள வயரை ஒட்டி, முழுவதையும் எபொக்சிப் பசையில் மூடி உலரவிட்டால், நீருக்குள் இறக்கக்கூடிய ஒலிவாங்கி ஆகிவிடும்.

அதை நேரே தொலைபேசியில் செருகிப் பதிந்தவர்கள் கீச்சென்ற ஒலி மட்டும் வருவதாகச் சொல்வார்கள். பியசோ தட்டு ஏறத்தாழ 20 நனோபரட் கொள்ளளவி போன்றது. தொலைபேசியின் ஒலிவாங்கி உள்ளீடு சில ஆயிரம் ஓம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 3 அல்லது 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவை நலிந்துவிடும். நாம் தேடும் தாழ்ந்த ஓசை அங்கேதான் இருக்கிறது. இடையில் ஒரு மெகாஓம் உள்ளீடுள்ள டி.எல்.072 பெருக்கியொன்றை 9 வோல்ற் பற்றரியில் இயக்குங்கள். அப்போது எல்லை 8 ஹேர்ட்ஸ் அளவுக்கு இறங்கும்.

காற்றில்லாத நிலா இரவில், பாலத்தில் வாகன ஓட்டம் அடங்கிய பின், பெரியவர் ஒருவரோடும் உயிர்காப்பு அங்கியோடும் செல்லுங்கள். தட்டை இறக்கி வயரைக் கையால் பிடிக்காமல் தோணியின் ஓரத்தில் கட்டிவிடுங்கள். கை நடுக்கமும் பதிவில் விழும். குறைந்தது அரை மணி நேரம் பதிந்து, வீட்டில் நல்ல துண்டைத் தெரிந்து வெட்டி, அட்டையில் 0001 என்று பெயரிட்டு, 10 இல் சொன்ன கோப்புறைக்குள் இடுங்கள்.